செண்பக அருவிக்குப் போகும் முன் சொத்துக் கையெழுத்தை முடித்துவிடுங்கள்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பேரருவியோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சிற்றாறு அதற்கும் மேலே, காட்டுக்குள் செண்பக அருவியாக விழுகிறது. பேரருவிப் பக்கமிருந்து சுமார் 2 கிலோமீட்டர், பாறையும் வேருமாக ஏற்றம். அருவிக்குப் பக்கத்திலேயே செண்பகாதேவி அம்மன் கோயில். தாத்தா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்களை அழைத்துப் போன காலம் வேறு. மலையேறப் போனவர்கள் பலரைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், 2024இல் தொடங்கிய வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.

அப்புறம், சொந்தக்காரர்கள். அருவிக்கென்று ஒதுக்கிய நாள் எனக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் கழிந்தது. "வந்தது வந்துட்ட, அந்தக் கையெழுத்தையும் போட்டுட்டுப் போயிருய்யா" என்றார் சித்தப்பா. பூர்வீக வீட்டில் அப்பாவின் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். மறுக்க மனம் வரவில்லை. ஆச்சியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர். நான் பணம் மட்டும்தான் அனுப்பினேன். ஆனால் பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, வாரிசுச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தால் டோக்கன் நேரம் போய்விட்டது, மறுபடி டோக்கன். பிறகு சர்வர் வேலை செய்யவில்லை. சித்தப்பா சாப்பிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாளும் அங்கேதான். அதற்குள் மலையில் மழை பிடித்து, பேரருவியிலேயே குளிக்கத் தடை.

இப்படி ஒரு கையெழுத்து பாக்கி இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று நம்பகமான ஒருவருக்கு, உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பிவிடுங்கள். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பெயர் வித்தியாசத்தையும் கிளம்பும் முன்பே சரிசெய்யுங்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை இணையத்திலேயே பார்க்கலாம்.

அருவிக்கு ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு வராதீர்கள். இந்த ஒரு நாளை விட்டால் கிடையாது என்ற தவிப்பில்தான் எச்சரிக்கையை மீறத் தோன்றும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கி வந்தால், கூட வந்தவர்கள் என்ன சொன்னாலும் உடனே கரையேறுங்கள்.