இன்ஜின் மிஸ் அடிக்கிறதா? பிளக் முதல் கம்ப்ரஷன் வரை நாமே பார்ப்பது எப்படி

என் வண்டி முதன்முதலாக மிஸ் அடித்தபோது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டபோது, பொறி தரும் பிளக் நாலையும் மாற்றினேன். சரியாகவில்லை. அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் ஏற்றிக்கொடுக்கும் காயில் நாலையும் மாற்றினேன். அப்போதும் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வெடவெடவென்று நடுங்கியது. கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்துவிட்டு, "பிளக்கும் நல்லாத்தான் இருக்கு, காயிலும் நல்லாத்தான் இருக்கு. மூணாவது சிலிண்டர்ல வால்வு ஒழுங்கா உக்காரல" என்றார். நான் கழற்றிப் போட்ட எட்டும் நல்ல சாமான்கள்.

அதனால் இங்கே ஒரே விதிதான்: கோளாறு எங்கே என்று தெரியும்வரை எதையும் வாங்கக் கூடாது. இதில் சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கு. டீசலின் கம்ப்ரஷன் இதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பெட்ரோல் கேஜை அதில் மாட்டினால் கேஜ் போய்விடும்.

சிலிண்டருக்குள் எரிவதற்கு மூன்று வேண்டும். சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், நேரத்துக்கு ஒரு பொறி, கசியாத அழுத்தம். ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் சும்மா சுற்றும், மற்றவை அதையும் சேர்த்து இழுக்கும். நமக்குத் தெரியும் நடுக்கம் அதுதான்.

படி 1: எந்த சிலிண்டர்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனரை மாட்டி, அதில் வரும் கோளாறு எண்ணைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 வந்தால் மிஸ் ஒரே இடத்தில் இல்லை, பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. அப்போது காயிலைத் துரத்தாமல், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைப் பாருங்கள்: இன்டேக் பக்கம் வெடித்த வேக்யூம் குழாய், பெட்ரோல் பிரஷர் குறைவு. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) மட்டும் மிஸ் அடித்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் சரியானால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான்.

முதல் சிலிண்டர் எது என்பதில் பலர் சறுக்குவார்கள். பொதுவாக டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள், ஆனாலும் உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையோடு பார்த்தால் ஒரு காயில் ஒன்றுமே இல்லை.

ஸ்கேனர் இல்லையா? இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் ஓட்டம் தள்ளாடும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் இன்ஜினில் காயிலைத் தொட வேண்டாம், ஷாக் பலமாக இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) வண்டிகளில் இந்தச் சோதனையே வேண்டாம்.

படி 2: இடம் மாற்றிப் பாருங்கள்

மூன்றாவது சிலிண்டரில் மிஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காயிலை ஒன்றுக்கும், ஒன்றின் காயிலை மூன்றுக்கும் மாற்றுங்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பி0303 இருந்த இடத்தில் பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. எண் பி0303-லேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றுங்கள், பிறகு எளிதாகக் கைக்கு எட்டினால் இன்ஜெக்டரையும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

படி 3: பிளக் என்ன சொல்கிறது?

இன்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை பெயர்ந்துவரலாம். கழற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், மண் உள்ளே விழக் கூடாது.

நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். பிசுபிசுவென்று எண்ணெய் இருந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. ஆனால் பிளக்கின் மேல்பக்கம், குழிக்குள் மட்டும் ஆயில் நின்றால் பயப்படாதீர்கள், அது வால்வு கவர் கேஸ்கெட் கசிவு. அந்த ஆயில் காயிலின் ரப்பரை ஊறவைத்து மிஸ் உண்டாக்கும். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

படி 4: கம்ப்ரஷன் எடுப்பது

பொறியும் பெட்ரோலும் சரி என்றால் மிச்சம் அழுத்தம்தான். இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்குங்கள், எல்லாக் காயில் கனெக்டரையும் கழற்றுங்கள், எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறுக்கம்.

கேஜைக் கையாலேயே திருகி மாட்டுங்கள். துணைக்கு ஒருவரை உட்காரவைத்து, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முள் ஐந்தாறு முறை துள்ளியதும் நிறுத்தலாம். எல்லாச் சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை. கடைசி அளவை மட்டும் குறிக்காதீர்கள், முதல் துள்ளலில் எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுங்கள். முதலில் குறைவாக ஏறி, மெல்ல மெல்லக் கூடிவந்தால் ரிங் மேல் சந்தேகம். முதலிலும் குறைவு, அப்புறமும் ஏறவில்லை என்றால் வால்வு.

படி 5: எண்களைப் படிப்பது

பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 120 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். என்னைக் கேட்டால் அளவைவிட வித்தியாசம்தான் முக்கியம். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. என் வண்டியில் வந்தது 178, 174, 118, 176. 178-இல் 75 சதவீதம் சுமார் 133. மூன்றாவது அதற்கும் கீழே.

எல்லாமே ஒரே சீராகக் குறைந்தால் உடனே இன்ஜின் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆக்ஸிலரேட்டர் மிதித்தும் திராட்டில் (காற்று உள்ளே போகும் கதவு) திறக்காமல் இருக்கலாம், பேட்டரி தளர்ந்திருக்கலாம், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு; கூலன்ட் காரணமில்லாமல் குறைகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: ஒரு ஸ்பூன் ஆயில்

குறைந்த சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு, மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றிப் பரவி இடைவெளியை அடைக்கும். 118 என்பது 155-க்கு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. 122-இல் நின்றால் கசிவு மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. அளவோடு விடுங்கள், ஆயில் அதிகமானால் இடத்தை அடைத்துப் பொய்யாகவே ஏற்றிக்காட்டும்.

கம்ப்ரஸர் வசதி இருந்தால் இன்னும் தெளிவாகிவிடும். அந்தப் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடிய கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் ஓட்டையில் காற்றைச் செலுத்திக் காது கொடுங்கள். இன்ஜின் திடீரெனச் சுழலலாம், கையை விலக்கி வையுங்கள். சைலென்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டில் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள். டேப்பெட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) இடைவெளியைச் சரிசெய்யும் வகை இன்ஜின் என்றால் முதலில் அதை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். இடைவெளி போய் இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. என் வண்டியில் எக்ஸாஸ்ட் டேப்பெட்டில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சரிசெய்து மறுபடி எடுத்தபோது 165 வந்தது. பழைய காயில் நாலும் இன்னும் டிக்கியில் கிடக்கின்றன.