கப்பலேறும் முன் கைப்பையைக் கட்டுங்கள்

மதுரை சிம்மக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் ஏழெட்டுப் பேராவது, "கப்பல்ல போனீங்களாமே, நாங்களும் போகலாம்னு இருக்கோம், எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். மிஷினை மிதித்துக்கொண்டே அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் போனது சென்னைத் துறைமுகத்தில் ஏறி, விசாகப்பட்டினம் போய்விட்டு, திரும்பவும் சென்னையிலேயே இறங்குகிற மூன்று இரவுச் சுற்றுலாக் கப்பல் பயணம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார், கொழுந்தன் வீட்டில் மூன்று பேர். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். தடுமாற்றம் இருக்கத்தான் செய்தது.

முதலில் பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. என் கணவருக்கு ஆதாரில் ஓர் எழுத்துதான். டிக்கெட்டில் அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிட்டோம். துறைமுகத்தில் அதை விளக்கிச் சொல்லியே அரை மணி நேரம் போனது. பதிவு செய்யும்போதே எல்லோருடைய அடையாள அட்டையையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். இந்தியத் துறைமுகங்களுக்குள் போகும் பயணத்துக்கு ஆதார் போதும். இலங்கைப் பக்கம் போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். இணையத்தில் விவரங்களைப் பதிவு செய்கிற வெப் செக்கின்னை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ரயில். வைகை எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல்தான் எழும்பூர் போய்ச் சேரும். அதில் போய் அன்றைக்கே கப்பல் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின ராத்திரி பாண்டியனில் ஏறினால் விடியும்போது எழும்பூரில் இருக்கலாம். ஒருநாள் முன்னாலேயே போய்விட்டால் இன்னும் நிம்மதி. கப்பல் யாருக்காகவும் நிற்காது. நடுவில் ஊர் பார்க்க இறங்கினாலும் அப்படித்தான். அவர்கள் சொல்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

இப்போது கைப்பை. நாங்கள் பட்டது இதில்தான். துறைமுகத்தில் பெட்டிகளுக்கு அறை எண் போட்ட சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர நேரமாகும். நாங்கள் ஏறியது மதியம் ஒரு மணி. பெட்டி வந்தது இரவு ஏழு. மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அந்தப் பெட்டியில். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை இல்லாமல், "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று அவர் இலையில்லாப் பந்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வேறு துக்கம்: நீச்சல் குளம் கண் முன்னால், குளிக்கிற உடுப்பு பெட்டிக்குள்.

அதனால் ஆளுக்கு ஒரு கைப்பை. எல்லா நாளுக்குமான மாத்திரை, மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, ஒரு மாற்றுடை, பிள்ளைகளின் நீச்சல் உடை, போன் சார்ஜர், இரவில் குளிருக்குப் போர்த்த ஒரு சால்வை. உள்ளே ஏசி கொஞ்சம் அதிகம்.

எதைக் கொண்டு போகக் கூடாது என்பதும் முக்கியம். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில், சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி எதற்கும் இடமில்லை. நடுக்கடலில் தீதான் பெரிய பயம். எங்கள் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது கொடுத்தார்கள். வீட்டில் கட்டிய புளியோதரையையும் விடவில்லை. கடையில் வாங்கின, பிரிக்காத பாக்கெட் பண்டம் போகுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். செல்பி எடுக்கிற அவசரத்தில் இதைத் தட்டிக் கழிக்க நினைப்பவர்களைப் பார்த்தேன். சித்திரைத் திருவிழாவுக்குப் போகும்போது, "தொலைஞ்சு போனா இந்த இடத்துல வந்து நில்லு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டிப் போவோம் இல்லையா, அதே சங்கதிதான். ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளை நடக்க வைத்தே காட்டுங்கள்.

அறை எடுக்கும்போது நடுக்கப்பலில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். ஆட்டம் குறைவு. ஜன்னல் இல்லாத அறை விலை குறைவுதான். ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. கொழுந்தன் அதில் தூங்கி எழுந்து வந்தபோது காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேலே மடக்கி வைத்த படுக்கையைப் பிள்ளைகள் சண்டை போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் இருந்தால் குளியலறை வாசலைப் பாருங்கள்: தரையைவிட உயரமாக ஒரு தடுப்பு இருக்கும். மாமியார் முதல் நாளே அதில் கால் இடறினார். அன்று இரவு முதல் குளியலறை விளக்கை எரியவிட்டே படுத்தோம்.

வாந்தி வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொடைக்கானல் மலை ஏறும்போது வத்தலக்குண்டு தாண்டினதும் கவர் கேட்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் வரலாம். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, தலை சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் மோசம். மகனுக்கு முதல் நாள் இரவு வந்துவிட்டது. மேல்தளத்துக்குக் கூட்டிப் போய், வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார்க்கச் சொன்னேன். கால் மணியில் சரியாகி, ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்டான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம். பயந்த ஆட்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சைவமும் கிடைத்தது. ரசம் மட்டும் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வெளியே எந்த ரசமும் பிடிக்காது, அதை விடுங்கள்.

கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் பில் தாறுமாறாக வரும். அறைச் சாவியாகத் தருகிற அட்டைதான் கப்பலுக்குள் பணமும். பிள்ளைகள் ஜூஸுக்கு நீட்டிக்கொண்டே இருந்தார்கள், கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. தினமும் இரவு கவுண்டரில் கணக்கைக் கேட்டுவிட்டுப் படுங்கள். அந்த அட்டை தொலையாமல் இருக்க, மீந்த லைனிங் துணியில் கழுத்தில் மாட்டுகிற மாதிரி சின்னப் பைகள் தைத்துக் கொண்டு போயிருந்தேன். அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த முன்னேற்பாடு அது ஒன்றுதான்.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். ராவோடு ராவாக எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை வெளியே எடுத்து வைத்த பிறகு பூட்டுங்கள். கொழுந்தன் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, காலையில் கைலியோடு நின்றார். என் கணவரின் பேண்ட் அவருக்கு இடுப்பில் நிற்கவில்லை. கைப்பையில் இருந்த ஊக்கு இரண்டைக் குத்தித்தான் கரையிறக்கினேன்.

இறங்கினதும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அதுவரை வயசானவர்களைத் தனியாக மாடிப்படி இறங்க விடாதீர்கள். எழும்பூர் பிளாட்பாரத்தில் என் மாமியார் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நம்ம இன்னும் ரயில்லயே ஏறல, அதுக்குள்ள ஏன் ஆடுது?"