கடும் சுடோகுவை ஊகிக்காமல் அவிழ்ப்பது

எளிய வழிகளெல்லாம் தீர்ந்துபோய், மீதிக் கட்டங்களில் இரண்டும் மூன்றுமாகச் சாத்திய எண்கள் நிரம்பி நிற்கும் சுடோகுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த இடத்தில் பலர் ஏதோ ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். வேண்டாம். எக்ஸ்-விங், ஸ்கைஸ்கிரேப்பர், எக்ஸ்ஒய்-விங் என்று உத்திகளுக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து பிறப்பவை: ‘இது இல்லையென்றால், கட்டாயம் எது?’

கீழே 4-7 என்று எழுதினால் மேலிருந்து 4ஆவது வரிசை, இடமிருந்து 7ஆவது பத்தி. 3×3 பகுதியைப் பெட்டி என்கிறேன். ஒரே வரிசையிலோ பத்தியிலோ பெட்டியிலோ இருக்கும் கட்டங்கள், அதாவது ஒரே எண் வர முடியாத கட்டங்கள், ஒன்றையொன்று பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லாக் காலிக் கட்டங்களிலும் சாத்திய எண்களைப் பென்சிலால் முழுமையாகக் குறியுங்கள். தனி எண் (ஒரு கட்டத்துக்கு மிஞ்சும் ஒரே எண்), ஜோடி (இரண்டு கட்டங்களுக்குள் அடங்கும் இரண்டு எண்கள்), மும்மை (மூன்று கட்டங்களுக்குள் அடங்கும் மூன்று எண்கள்), பெட்டிக்குள் ஒரே வரிசையில் அடைபட்ட எண் ஆகியவற்றைத் துப்புரவாக முடித்துவிடுங்கள். ஒரு சாத்திய எண் விட்டுப்போயிருந்தாலும் பின்னால் வரும் தர்க்கத்தை நம்ப முடியாது. அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

அப்புறம் இணைப்புகளைத் தேடவேண்டும். ஒரு வரிசையில், பத்தியில் அல்லது பெட்டியில் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் மிச்சமென்றால் அவை வலுவான இணைப்பு: ஒன்று பொய்யானால் மற்றது உண்மை. ஒரு கட்டத்தில் இரண்டே எண் இருந்தாலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது என்று மட்டும் தெரிந்தால் அது பலவீனமான இணைப்பு. நான் தனித்தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறிய 9×9 கட்டம் போட்டு, அந்த எண் வரக்கூடிய இடங்களைப் புள்ளியாக வைத்து, வலுவான இணைப்புகளைக் கோட்டால் சேர்ப்பேன். மூன்று நான்கு இடங்களில் ஏற்கெனவே நிரம்பிவிட்ட எண்களில் தொடங்குவது நல்லது. அநேகமாக முடிந்துபோன எண்ணில் துப்பு எதுவும் மிஞ்சாது. இன்னும் தொடங்காத எண்ணுக்கோ இடங்கள் அதிகம், கோடுகள் குறைவு.

இப்போது 5 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 2ஆவது வரிசையிலும் 7ஆவது வரிசையிலும் அதற்கு 3, 8 ஆகிய பத்திகளில் மட்டுமே இடம் என்றால், அந்த இரு பத்திகளின் மற்றக் கட்டங்களிலிருந்து 5ஐ நீக்கிவிடலாம். இதுதான் எக்ஸ்-விங். இதையே மூன்று வரிசைக்கு நீட்டினால் ஸ்வார்ட்ஃபிஷ். அதை வலிந்து தேட நான் நேரம் செலவிடுவதில்லை.

எனக்கு அதிகம் பலன் தருவது கோணலான எக்ஸ்-விங்தான். 2ஆவது வரிசையில் 5க்கு இடம் 2-3, 2-8. 7ஆவது வரிசையில் 7-3, 7-9. 3ஆவது பத்தியில் இரண்டு 5 வர முடியாது. ஆகவே 2-8, 7-9 இரண்டில் ஒன்றாவது 5. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் 1-9, 3-9, 8-8, 9-8 ஆகியவற்றில் 5 இருந்தால் அடித்துவிடலாம். ஸ்கைஸ்கிரேப்பர் என்பது இதுதான். தாளில் இரண்டு கோடுகள் ஒரு முனையில் மட்டும் நேராக நிற்பது கண்ணில் பட்டால் உடனே மறுமுனைகளைப் பாருங்கள்.

எக்ஸ்ஒய்-விங்கில் எண்கள் மாறும், தர்க்கம் மாறாது. 4-5இல் 2, 7. 4-9இல் 2, 9. 6-4இல் 7, 9. நடுவில் உள்ள 4-5 என்பது 2 ஆனால் 4-9 கட்டாயம் 9. அது 7 ஆனால் 6-4 கட்டாயம் 9. எப்படியும் இரண்டில் ஒன்று 9. அதனால் 4-4, 4-6, 6-7, 6-8, 6-9 ஆகிய ஐந்திலும் 9க்கு இடமில்லை. இரண்டு எண் மட்டும் உள்ள கட்டங்களை வட்டமிட்டு வைத்தால் இதைத் தேடுவது சுலபம்.

சரி, இவை எதுவும் கிடைக்கவில்லை. இப்போதுதான் சங்கிலி. விதி இதுதான்: வலுவான இணைப்பில் தொடங்கி, பலவீனமானது, வலுவானது என்று மாறிமாறிப் போய், வலுவான இணைப்பிலேயே முடிக்கவேண்டும். அப்படி முடிந்தால் இரு முனைகளில் ஒன்றாவது உண்மை. ஓர் உதாரணம். முதல் வரிசையில் 6க்கு இடம் 1-2, 1-7 மட்டும். 7ஆவது பத்தியில் 8க்கு இடம் 1-7, 5-7 மட்டும். 5-3இல் 6, 8 மட்டும். 1-2இல் 6 இல்லையென்று கொள்ளுங்கள். அப்படியானால் 1-7 என்பது 6, அங்கே 8 வராது. 8 என்பது 5-7க்குப் போகும். 5-3இல் 8 போய் 6 நிற்கும். ஆக, 6 என்பது 1-2இல் அல்லது 5-3இல். இரண்டையும் பார்க்கும் 2-3, 3-3, 4-2, 5-2, 6-2 ஆகியவற்றில் 6ஐ அடியுங்கள். கவனியுங்கள், 1-7இல் மூன்றாவதாக ஒரு 3 இருந்தாலும் இந்தத் தர்க்கம் உடையாது. அந்தக் கட்டத்துக்குள் நாம் பயன்படுத்தியது பலவீனமான இணைப்பைத்தான். இதைப் புரிந்துகொண்டால், இரண்டெண் கட்டங்களை மட்டுமே தேடும் பழக்கம் போய்விடும். சங்கிலிகள் திடீரென்று நிறையக் கண்ணில் படும்.

இன்னொரு வகை உத்தி, விடை ஒன்றே என்ற உறுதியை வைத்து நடப்பது. 3-1, 3-2, 8-1 மூன்றிலும் 1, 4 மட்டும். 8-2இல் 1, 4, 8. நான்கில் எதுவும் புதிரிலேயே கொடுத்த எண் இல்லை. 8-2இல் 8 வராவிட்டால் 1ஐயும் 4ஐயும் இடம் மாற்றி இரண்டு விடை எழுதலாம். அதனால் 8-2 என்பது 8. நான்கு கட்டங்களும் சரியாக இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கவேண்டும் என்பது முக்கியம். நான்கு பெட்டிகளில் பரவினால் இது செல்லாது. சிலர் இதை முறையான தர்க்கமாக ஏற்பதில்லை. சரியாக அமைத்த புதிரில் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். கையில் உள்ள புதிரில் 17க்கும் குறைவான எண்கள் இருந்தால் மட்டும் இதைத் தொடவேண்டாம். அப்படிப்பட்ட புதிருக்கு ஒரே விடை இருக்க முடியாது என்று அயர்லாந்துக் கணிதவியலாளர் கேரி மெக்வயரின் குழு 2012இல் கணினிவழி நிறுவியது.

கொடுத்த எண்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கடினத்தை எடைபோடாதீர்கள். 17 எண் புதிர்களில் பல, தனி எண்களாலேயே தீர்ந்துவிடும். ஃபின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்டோ இன்கலாவின் புகழ்பெற்ற 2012 புதிரில் 21 எண்கள் இருக்கின்றன. அதற்கு நேரான சங்கிலிகள் போதாது. கிளை விடும் சங்கிலிகள் வேண்டும். மூன்று எண் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் விளைவுகளைத் தொடருங்கள். மூன்று வழியிலும் அதே ஒரு கட்டத்தில் 2 அடிபட்டால், அந்த 2 நிச்சயமாக இல்லை. இதை ஊகம் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எல்லா வழிகளையும் பார்த்துவிட்டோம், எதையும் பந்தயம் கட்டவில்லை.

ஒரே ஓர் எண்ணை நீக்கினாலும் உடனே அடுத்த சங்கிலிக்குப் போகாதீர்கள். நீக்கிய கட்டத்தின் வரிசை, பத்தி, பெட்டி மூன்றிலும் அந்த எண்ணுக்கு இப்போது எத்தனை இடம் என்று எண்ணுங்கள். மூன்று இடம் இரண்டாகியிருந்தால் தாளில் ஒரு புதிய கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.