மஹர் வேறு, கைக்கூலி வேறு: இஸ்லாத்தைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் முஸ்லிம் வீடுகளுக்குள் போனால் காதில் விழுவது தமிழ். அப்பாவை ‘அத்தா’ என்று கூப்பிடும் ராவுத்தர் வீடுகள் இங்கே நிறைய. வெளியூர்க்காரர்களின் முதல் தவறு, கேரள முஸ்லிம் என்றாலே மலையாளம் பேசும் மாப்பிள்ளைச் சமூகத்தவர்தான் என்று முடிவு கட்டுவது. பாலக்காடு நகரமே 1956 வரை சென்னையோடு இருந்த மலபார் மாவட்டத்து ஊர்தான்.

பேச்சு மட்டுமல்ல, தொழுகை நேரத்திலும் சின்ன வேறுபாடு உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, மாப்பிள்ளைகள் ஷாஃபி; இரண்டும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள். நடுப்பகல் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் ஷாஃபிகளுக்கு அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரம் வந்துவிடும். ஹனஃபிகள் அது இரண்டு மடங்காகும் வரை காத்திருப்பார்கள். ஒரு பள்ளிவாசலில் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டு, இன்னொன்றில் கேட்கவில்லை என்றால் யாரும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

சரி, மதத்தின் தோற்றத்துக்கு வருவோம். ‘முஹம்மது நபி தோற்றுவித்த மதம்’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 610 வாக்கில் மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் அவருக்கு முதல் இறைச்செய்தி வந்தது. ஆனால் முஸ்லிம்களின் நம்பிக்கையில் ஆதம், இப்ராஹீம், மூஸா, ஈஸா எல்லாரும் ஓரிறை என்ற அதே செய்தியைச் சொன்னவர்கள். முஹம்மது இறுதி நபி. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும், நபிக்கு இல்லை. ‘முகமதியர்’ என்ற பழைய சொல் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். ஹிஜ்ரி ஆண்டும் நபி பிறந்த நாளிலிருந்து எண்ணுவதல்ல. 622இல் அவர் மதீனாவுக்குப் போன ஆண்டிலிருந்து.

குடும்ப விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். அதில் எங்கள் ஆட்களுக்கும் பங்குண்டு. மஹரை ‘முஸ்லிம் வரதட்சணை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். திசையே தலைகீழ்! மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது. குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம் அதை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. அது அவளுடைய சொத்து. அவள் அத்தாவுக்கும் கணவனுக்கும் அதில் உரிமை கிடையாது. அவளாக விரும்பி விட்டுக்கொடுத்தால் வேறு விஷயம். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம்கூட மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெண் வீட்டில் வாங்குவதற்கு எங்களிடம் தனிப்பெயரே உண்டு: கைக்கூலி. அதற்கு மார்க்கத்தில் இடமில்லை, ஊர் வழக்கத்தில் மட்டும் இருக்கிறது. மஹர் என்று ஒரு சின்னத் தொகையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பவுன் கணக்கைத் திண்ணையில் பேசுவதைப் பார்த்துவிட்டு ‘இஸ்லாத்தில் இப்படித்தான்’ என்று வெளியார் எழுதினால் அவர்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அப்புறம் பாகப்பிரிவினை. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்பதைத்தான் எல்லாரும் விவாதிக்கிறார்கள். குடும்பச் செலவை ஆண் சுமக்க வேண்டும் என்ற கடமையோடு சேர்த்தே மார்க்க அறிஞர்கள் அந்தக் கணக்கை விளக்குவார்கள். நடைமுறையில் நான் பார்க்கும் தவறு வேறு. ‘கல்யாணத்துக்கே நகை போட்டாச்சே’ என்று சொல்லி அந்த ஒரு பங்கையும் கொடுக்காமல் விடுகிறார்கள். அத்தா உயிரோடு இருக்கும்போது போட்ட நகை அன்பளிப்பு. அவர் மறைவுக்குப் பிறகு வரும் பங்கில் அதைக் கழிக்க அண்ணன் தம்பிக்கு உரிமையில்லை.