மரச்சீனியை நிறுத்தச் சொல்லாதீர்கள்: வீட்டுக்குப் போய் பயிற்சி கொடுக்கும் டிரெய்னர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பெர்சனல் டிரெய்னராக இறங்குகிறவர்கள் முதல் வேலையாக ஒரு டயட் சார்ட் எழுதி நீட்டுகிறார்கள். ஓட்ஸ், பிராக்கோலி, அவித்த சிக்கன். ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். சார்ட்டை விடுங்கள், அந்த வீட்டு அடுப்பில் தினம் என்ன ஏறுகிறது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும் (மத்தி மீன் குழம்பு)தான் பதிலாக வரும். 100 கிராம் மரச்சீனியில் புரதம் ஒன்றரை கிராம் போலத்தான், அதே எடை சாளையில் சுமார் 20 கிராம். அதனால் எதையும் நிறுத்த வேண்டாம், அளவை மாற்றினால் போதும்: கிழங்கு பாதி, மீன் இரண்டு பங்கு, கூட ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறு. புட்டு அவிக்கிற அன்று புட்டைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள், பப்படத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்கே ஆள் ஓடிவிடும். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் என்பது பொதுவான கணக்கு, 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 100 கிராமில் தொடங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், டாக்டர் சொல்வதுதான். புரதப் பவுடர் விற்றுக் கமிஷன் பார்க்கும் ஆசை வரும். அன்றோடு நீங்கள் சொல்லும் சாப்பாட்டு ஆலோசனையை யாரும் நம்பமாட்டார்கள்.

பயிற்சிக்கு முதல் மாதம் வாரம் மூன்று நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய குடத்தைத் தூக்கி நடப்பது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள். எழும்போது மூச்சை விடச் சொல்லுங்கள், பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 12 முறை செய்தபிறகும் இன்னும் இரண்டு செய்ய முடிகிறது, அதுவும் அடுத்தடுத்த இரண்டு வகுப்பில் என்றால், அப்போது எடையைக் கூட்டுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குத் தொடங்கும் முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடட்டும், உங்கள் பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் கிடக்கட்டும்.

சரி, காசு. மாதக் கணக்கில் வாங்காதீர்கள், கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று பாதி நாள் போய்விடும், அப்புறம் கழித்துக்கொள் என்பார்கள். 12 வகுப்புக்கு முன்பணம், ஐந்து வாரத்துக்குள் முடிக்க வேண்டும், முந்தின நாள் இரவுக்குள் சொல்லாமல் விட்டால் அந்த வகுப்பு கணக்கில் போகும். இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகு தொடங்குங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள், தெரிந்தவர்தான் இழுத்தடிப்பார்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மைதானத்தை மட்டும் நம்பினால் வருமானம் நனைந்துவிடும். மொட்டைமாடியில் ஷீட் போட்ட வீடு ஒன்றைப் பேசி வையுங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் காலையில் பிடிக்க முடியாது, மாலையில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள்தான் நல்ல வாடிக்கை. இங்கே இருக்கும்போதே நாற்காலிப் பயிற்சியைச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால், திரும்பிப் போன பிறகும் வீடியோ காலில் தொடரலாம். சவுதியில் இரவு 7 மணி என்றால் நமக்கு 9.30, உள்ளூர் வகுப்பெல்லாம் முடிந்து நீங்கள் சும்மா இருக்கிற நேரம். பெட்ரோல் செலவில்லை, அதனால் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தும் கொடுக்கலாம்.