வேலை தேடுவோருக்கு ஆங்கிலம்: முதலில் திருப்பிக் கேட்கப் பழக்குங்கள்

புலம்பெயர்ந்து வந்து வேலை தேடும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறீர்களா? இலக்கணத்தில் தொடங்க வேண்டாம். அதற்கெல்லாம் அவர்களுக்கு அவகாசம் இல்லை.

முதல் வகுப்பிலேயே, புரியாததைக் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். "சாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?" என்ற ஒரு வரி போதும். கூடவே, சொன்ன வேலையைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிச் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும். மேற்பார்வையாளர் "டூ பாக்ஸஸ், பேக் டோர், பிஃபோர் டென்" என்றால், இவரும் அதையே சொல்லி "ரைட்?" என்று கேட்கட்டும். பலர் புரியாமலேயே தலையாட்டிவிடுகிறார்கள். எந்திரமும் ரசாயனமும் புழங்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இருவர் இருவராக, ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் பணியாளர் என்று நடிக்க விடுங்கள். பிறகு முதுகோடு முதுகாக உட்காரவைத்து அதையே செய்யச் சொல்லுங்கள். முகம் தெரியாமல் பேசுவதால் தொலைபேசி நேர்காணலுக்கு இது நல்ல பயிற்சி. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதில் தடுமாற்றம், தேர்ட்டீனா தேர்ட்டியா என்ற குழப்பம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். குறித்து வைத்து, முடிந்தபின் சொல்லுங்கள். தங்கள் தொழிலில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். சின்னப் பிள்ளைகளைப் போல நடத்தினால் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த வகுப்புக்கு, விண்ணப்பிக்க நினைக்கும் வேலையின் விளம்பரத்தையே எடுத்துவரச் சொல்லுங்கள். கற்பிக்க வேண்டிய சொற்களை அதிலிருந்தே பொறுக்கிக்கொள்ளலாம்.