கெல்ப் மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

தெருமுனையில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் பின்தெரு அக்கா ஒரு பச்சை டப்பாவைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கெல்ப் மாத்திரை, அதாவது பழுப்புக் கடற்பாசித் தூள். "தைராய்டுக்கு நல்லதாம் தம்பி, இயற்கைதானே?" தினம் இரண்டு வீதம் இரண்டு மாதமாக விழுங்கியிருக்கிறார். முன்பு 5.8 இருந்த டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறுகிற ரத்தப் பரிசோதனை எண்), கையிலிருந்த புது ரிப்போர்ட்டில் 19.

இப்படி ஒரு டப்பா உங்கள் வீட்டுக்கும் வந்தால், பின்பக்கம் அயோடின் எத்தனை மைக்ரோகிராம் என்று தேடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 போதும். மேல்வரம்பு ஐரோப்பாவில் 600, அமெரிக்காவில் 1,100. ஏற்கெனவே தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவே கெடுதல் செய்யலாம்.

அக்காவின் டப்பாவில் அந்த எண்ணே இல்லை. 'கெல்ப் தூள் 600 மில்லிகிராம்' என்று மட்டும் போட்டிருந்தது. அது பாசியின் எடை. அயோடினின் எடை இல்லை. கடற்பாசியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம் உள்ளதும் உண்டு, 2,900ஐத் தாண்டியதும் உண்டு. கணக்குப் போட்டால் அந்த ஒரு மாத்திரையில் 10 இருந்தாலும் இருக்கும், 1,700 இருந்தாலும் இருக்கும். எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அப்புறம் அடுப்படியில் உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள். அயோடின் கலந்த உப்பு நம் கைக்கு வரும்போது 15 பிபிஎம்முக்கு, அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்கு, குறையக் கூடாது என்பது விதி. பத்து கிராமுக்கு 150 மைக்ரோகிராம் ஆயிற்று. சமையலில் கொஞ்சம் போனாலும், அதற்கு மேல் பாசி எதற்கு? (நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசி வேறு. அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கிற அகர், பயப்பட வேண்டாம்.)

அயோடின் குறைந்தால்தானே தைராய்டு கெடும் என்று கேட்பார்கள். திடீரென்று நிறைய வந்தாலும், சுரப்பி ஹார்மோன் செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிடும். உல்ஃப், சைகாஃப் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1948இலேயே எலிகளிடம் இதைக் கண்டார்கள். நல்ல சுரப்பி சில நாட்களில் பழையபடி வேலைக்குத் திரும்பிவிடும். ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குப் பல சமயம் திரும்புவதில்லை, டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போகும். கழுத்தில் கட்டி உள்ள வயதானவர்களுக்கு நேர்மாறாக ஹார்மோன் பெருகி நெஞ்சு படபடக்கும். கர்ப்பிணிகளுக்கு அயோடின் கூடுதலாக வேண்டும்தான், ஆனால் கெல்ப்பில் வேண்டாம்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? கெல்ப்பை நிறுத்துங்கள், டாக்டர் கொடுத்த தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப் போங்கள், பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. சமீபத்தில் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தாலோ, இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிட்டாலோ அதையும் சொல்லுங்கள். இரண்டிலும் அயோடின் ஏராளம். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு, தைராய்டு டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் ரிப்போர்ட் தப்பாக வரலாம்.

அக்காவுக்கு டாக்டர் புதிதாக எந்த மாத்திரையும் எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் 6.2. மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லையாம், அடுத்த டப்பா கிளம்பிவிட்டது.